பாதி இல்லை, முழு வலி

ஏப்ரல் 8, 2024, திங்கள்

எலும்பு முறிவு வார்டில் இது எனக்கு ஐந்தாவது வாரம். வெஸ்ட் யார்க்‌ஷயரின் குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் நைட் ஷிப்ட் நர்ஸிடம் ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனேன். ஆறாம் படுக்கைத் தாத்தாவிடம், ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டேன். "டிட் ஐ ஹெக்!" என்றார்.

"டிட் ஐ" என்று காதில் விழுந்ததும், தூங்கினேனா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்கிறார் என்று எண்ணிவிட்டேன். ஆபரேஷன் முடிந்த முதியவர்களுக்குத் திடீரென்று மனக்குழப்பம் வருவதுண்டு. அதைத் தவறவிடக் கூடாது என்பது எங்கள் பாடம். உடனே அவர் பெயர், இருக்கும் இடம், இன்றைய தேதி எல்லாம் கேட்டேன். அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த உதவியாளர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து விளக்கினார்: "கண்ணை மூடவே இல்லை என்கிறார்."

'ஹெல்' என்று நரகத்தைச் சொல்லக் கூசியவர்கள் மென்மையாக்கிக்கொண்ட சொல் 'ஹெக்'. கேள்வி போலத் தொடங்கி, கடைசியில் அந்த ஒரு சொல்லை வைத்தால் வாக்கியம் முழுவதும் மறுப்பாகிவிடுகிறது. 'நோ' இல்லை, 'நாட்' இல்லை, 'நெவர்' இல்லை. மறுப்புச் சொல்லே இல்லாமல் அடித்துச் சொல்லும் மறுப்பு. வட இங்கிலாந்தில் இது சாதாரணப் பேச்சு.

அறைக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, இது எனக்குப் புதிதே அல்ல. "தூங்கினியா?" என்று கேட்டால் "ஆமா, தூங்கிக் கிழிச்சேன்" என்று நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அங்கே எனக்கு ஒரு நொடியில் புரியும். இங்கே ஒரு மனிதருக்குப் புத்தி தடுமாறுகிறதா என்று சோதித்துவிட்டேன்.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 7 வேண்டும். எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும். ஓஇடி என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வையும் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் 7.5 வாங்கினேன். அதற்காக ஆறு மாதம் படித்ததில் 'டிட் ஐ ஹெக்' ஓரிடத்திலும் வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாம் படுக்கையில் எண்பது வயது தாண்டிய பாட்டி. இளவயதில் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நேற்று ஆபரேஷன் முடிந்தது. காலை பத்து மணி சுற்றில், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்டேன். எண் சொல்லவில்லை. என் கையைத் தட்டி, "இட் டோன்ட் ஹாஃப் ஹர்ட், லவ்" என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

'டோன்ட்' என்றால் இல்லை. 'ஹாஃப்' என்றால் பாதி. பாதிகூட வலிக்கவில்லை என்கிறார் என்று கணக்குப் போட்டேன். பாதிக்கும் கீழே என்றால் நாலு. சார்ட்டில் நாலு என்று எழுதி, நேரத்துக்குரிய பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். தேவைப்பட்டால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிவைத்திருந்த ஓராமார்ஃப் என்ற மார்ஃபின் மருந்து அலமாரியிலேயே இருந்தது.

பன்னிரண்டேகால் மணிக்கு, எழுந்து நிற்கவைக்க பிசியோதெரபிஸ்ட் வந்தார். கட்டிலில் கால் அசைந்ததும் பாட்டி போட்ட சத்தம் வார்டின் மறுகோடிவரை கேட்டது. ஓடிப் போனேன். "வலி மருந்து எதுவும் தரவில்லையா?" என்றார் பிசியோ. பாட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு தணிந்த குரலில், "ரொம்ப ரொம்ப வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்" என்றார்.

'நாட் ஹாஃப்' என்றால் வெறும் பாதி இல்லை, முழுசும் என்று பொருளாம். வடிவத்தில் மறுப்பு, பொருளில் அதற்கு நேர் எதிர். மழை கொட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஒருவன் கத்திக் கூச்சல் போட்டாலும் அப்படித்தான். இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ஓராமார்ஃப் கொடுத்தேன். வார்டு சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, சம்பவப் படிவமும் நிரப்பினேன். மாலையில் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீ என்ன செய்வாய் லவ், நான் பேசுவதே அப்படித்தான்" என்றார். அவர் பேச்சில் குறையில்லை. எண் கேட்டேன், எண் வரவில்லை. மறுபடி கேட்டிருக்க வேண்டும். இரண்டேகால் மணி நேரம் ஒருவர் என்னால் வலியில் கிடந்தார்.

ஏப்ரல் 11, வியாழன்

இனிக் காதில் விழும் இந்தச் சொற்களைக் குறித்துவைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இன்றைய வரவு, ஒன்பதாம் படுக்கை. "திஸ் ப்ளீடிங் லெக் வோன்ட் ஷிஃப்ட்" என்றார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பார்த்தேன். ஒரு துளி ரத்தம் இல்லை. கால் அசைய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் செய்தி. 'ப்ளடி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிலர் 'ப்ளீடிங்' என்பார்களாம். அப்படியும் கட்டைப் பார்த்தது தவறில்லை என்றார் சிஸ்டர்: "அந்தச் சொல்லை இந்த வார்டில் எப்போது கேட்டாலும் போய்ப் பார். பத்தில் ஒன்று நிஜ ரத்தமாக இருக்கும்."

சிஸ்டர் ஊர் நாடகக் குழுவில் நடிக்கிறவர். டீ நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். 'ப்ளடி' சரித்திரத்தில் இடம் பிடித்த நாள் இன்றுதானாம். 1914 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' அரங்கேறியது. தெருவில் பூ விற்கும் எலிசா என்ற பெண்ணுக்கு ஒரு பேராசிரியர் சீமாட்டிகள் போலப் பேசப் பழக்குகிறார். பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் வீட்டில் உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தவள், பூங்கா வழியாக நடந்துதான் போவாயா என்று கேட்டதும், அழகான உச்சரிப்பிலேயே ஒரு மறுப்பு சொல்கிறாள். அதன் நடுவில் 'ப்ளடி' உட்கார்ந்திருந்தது. எலிசாவாக நடித்த மிஸஸ் பேட்ரிக் கேம்ப்பெல் அதைச் சொன்னதும் அரங்கமே வெடித்துச் சிரித்ததாம். பத்திரிகைகள் நாள் கணக்கில் பேசின. பிறகு அந்தச் சொல்லைச் சொல்லக் கூசியவர்கள் அதற்குப் பதில் 'பிக்மேலியன்' என்றே சொல்லிக்கொண்டார்களாம்.

இன்றோடு 110 ஆண்டு. அந்தச் சொல்லின் காரம் அதற்குள் முழுவதும் இறங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2006-ல் ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா வரச் சொல்லி எடுத்த விளம்பரத்தில் இந்தச் சொல் இருந்தது என்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முதலில் தடுத்தார்கள், பிறகுதான் விட்டார்கள். இன்று ஒன்பதாம் படுக்கைத் தாத்தா சாதம் சாப்பிடுவது போல அதைச் சொல்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு நாடக மேடையும் இல்லை, சீமாட்டிகளும் இல்லை. கால் அசையவில்லை, அதை அழுத்திச் சொல்ல ஒரு சொல் வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. ஓய்வு நாள். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கனி பாத்தியா மக்ளே?"

"ஆப்பிளும் ஆரஞ்சும் வச்சுப் பாத்தேன்மா. கொன்றைப் பூவுக்கு எங்க போக?"

"வல்லதும் தின்னியா?"

"தின்னேன். அங்க மழை உண்டா?"

"மழையா? மருந்துக்குக்கூட இல்ல."

எத்தனையோ முறை கேட்ட வார்த்தை, இன்று காதில் நின்றது. மருந்துக்குக்கூட இல்லை. மருந்துக்கு வேண்டியது சிட்டிகை அளவு, அந்தச் சிட்டிகைகூட இல்லை. எள்ளளவும் இல்லை, துளிகூட இல்லை, பொட்டுத் தூக்கம் இல்லை, சல்லிக்காசு பெறாது. இருப்பதிலேயே சின்னதை எடுத்து, அதுவும் இல்லை என்று காட்டினால்தான் 'இல்லை'க்கு வலு வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளுநரின் குடும்பம் யாழ்ப்பாணம். போன வாரம் அவர், "இந்தக் குளிர் எனக்குத் துண்டறப் பிடிக்காது" என்றார். அந்தத் 'துண்டற'வில் இருக்கும் அழுத்தத்தை நான் முதல் தடவையே பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலமும் இதே வழியில்தான் போயிருக்கிறது. நூலகத்தில் எடுத்துவந்த மொழி வரலாற்றுப் புத்தகத்தை இன்று முழுநாளும் படித்தேன். 'நாட் எ பிட்' என்பதில் வரும் 'பிட்' கடித்தெடுத்த துணுக்கு. 'ஜாட்' என்பது கிரேக்கத்தின் மிகச் சின்ன எழுத்தான 'அயோட்டா'. தூக்கத்துக்கு ஒரு கண்சிமிட்டல், குடிக்க ஒரு துளி, நகர ஓர் அங்குலம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் மறுப்புக்கு வினைக்கு முன்னால் 'நெ' என்ற ஒரு சிறு சொல் போதும். அது பேச்சில் தேய்ந்து வலுவிழந்ததால், ஒன்றுமே இல்லை என்று பொருள்படும் 'நாவிஹ்ட்' என்ற சொல்லையும் வினைக்குப் பின்னால் வைத்து அழுத்திச் சொன்னார்கள். நாள்பட நாள்பட, அழுத்தத்துக்கு வந்த சொல்லே மறுப்பாக நின்றுவிட்டது. பழைய 'நெ' உதிர்ந்துபோனது. அந்த நாவிஹ்ட்தான் சுருங்கி இன்றைய 'நாட்'. பிரெஞ்சிலும் இதே கதை. 'பா' என்றால் காலடி. ஓர் அடிகூட நடக்கவில்லை என்று அழுத்தத்துக்குச் சேர்த்தது, இன்று பேச்சில் அது மட்டுமே மறுப்பாக நிற்கிறது. டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-ல் இதை விரிவாக எழுதினார். பின்னாளில் அந்தச் சுழற்சிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறாம் படுக்கைத் தாத்தா ஒன்றுமில்லை என்பதற்கு 'நவுட்' என்பார். கொச்சை என்று நினைத்திருந்தேன். அதுவும் அதே நாவிஹ்ட்டின் பிள்ளையாம். தேர்வில் நான் எழுதிய 'நாட்'டும் தாத்தாவின் 'நவுட்'டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று லண்டனுக்குப் போய்ப் புத்தகத்தில் ஏறிக்கொண்டது, மற்றது யார்க்‌ஷயரிலேயே தங்கிவிட்டது. இனி அந்தச் சொல்லைக் கேட்டால் திருத்தத் தோன்றாது.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று ஒரு தவறு நேராமல் தப்பியது. பாட்டி விஷயம் நடந்திராவிட்டால் நேர்ந்திருக்கும்.

நாலாம் படுக்கைக்காரருக்குப் பார்க்கின்சன் நோய் உண்டு. அவருக்கு லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். அரை மணி பிந்தினாலே உடம்பு இறுகிப்போகலாம், விழுங்கக்கூட முடியாமல் ஆகலாம். இந்த நாட்டில் அதற்கென்றே ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். பகல் மருந்துச் சுற்றில் அவரிடம் போனேன். சார்ட்டில் காலை மாத்திரைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்தார்களா, கொடுக்கவே இல்லையா? அவரிடமே கேட்டேன். "ஐ'வ் நாட் ஹேட் நோ டேப்லெட்ஸ்" என்றார்.

'நாட்' ஒன்று, 'நோ' ஒன்று. தமிழில் படித்த மூளை உடனே கணக்குப் போடும். 'தெரியாமல் இல்லை' என்றால் தெரியும். 'இல்லாமல் இல்லை' என்றால் இருக்கிறது. எதிர்மறை இரண்டு வந்தால் உடன்பாடு என்று பள்ளியிலேயே பதிந்த பாடம். அந்தக் கணக்கின்படி இவர் மாத்திரை சாப்பிட்டுவிட்டார்.

கணக்கை நம்பவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, "இது, காலையில், சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன், மாத்திரை கொடுத்தாயிற்று.

பேச்சு ஆங்கிலத்தில் இரண்டாவது மறுப்பு முதல் மறுப்பை வெட்டுவதில்லை, அதன் மேல் இன்னொரு ஆணி அடிக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் சாசர் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மறுப்புகளை அடுக்கியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான், இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என்று விதி போட்டார்கள். பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் அவர்களில் முக்கியமானவர். அவருடைய இலக்கணம் முதலில் 1762-ல் வந்தது. பள்ளிக்கூடங்கள் அந்த விதியைப் பிடித்துக்கொண்டன. மில்லிலும் வயலிலும் சுரங்கத்திலும் பேசியவர்கள் முன்போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்திலும் மறுப்பு இப்படியே அடுக்கி வரும். அது அறியாமை அல்ல, ஒழுங்கான இலக்கணம் உள்ள பேச்சு என்று மொழியறிஞர் வில்லியம் லபோவ் 1972-ல் விரிவாக எழுதிக் காட்டினார்.

நாலாம் படுக்கைக்காரர் தவறான ஆங்கிலம் பேசவில்லை. இரண்டு முறை இல்லை என்றார். அந்த இரண்டும் இல்லைதான்.

ஏப்ரல் 24, புதன்

நோட்டில் இன்று பதினேழு சொற்கள் ஆகிவிட்டன. ஒன்றுமில்லை என்பதற்கு மட்டுமே எத்தனை! 'சாட் ஆல்', 'பகர் ஆல்', 'டேம் ஆல்'. கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல நினைத்தால் 'நாட் எ சாசேஜ்'. நடக்கவே நடக்காது என்பதற்கு 'நாட் ஆன் யுவர் நெல்லி'. அந்த நெல்லி நம் நெல்லிக்காய் இல்லை. லண்டன்காரர்களின் எதுகைப் பேச்சில் பிறந்தது. 'நெல்லி டஃப்' என்ற பெயர் 'பஃப்' என்பதோடு எதுகை. பஃப் என்றால் மூச்சு. மூச்சு இருக்கும்வரை நடக்காது.

வேல்ஸைச் சேர்ந்த போர்ட்டர் அண்ணன் ஒன்று சொன்னார். டிலன் தாமஸ் எழுதி, 1954 ஜனவரியில் பிபிசி வானொலியில் ஒலிபரப்பான 'அண்டர் மில்க் வுட்' நாடகம் நடக்கும் ஊரின் பெயர் 'லாரெகப்'. கேட்க வேல்ஸ் ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கும். ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் 'பகர் ஆல்', ஒன்றுமே இல்லை. முதலில் அச்சான புத்தகத்தில் அந்த எழுத்துக் கூட்டலையே மாற்றிவிட்டார்கள் என்றார்.

மதியம் நடந்தது வேறு. பார்வையாளர் நேரத்தில் ஒரு நோயாளியின் மகன் என்னை நோக்கிக் கத்தினான். எனக்கு ஆங்கிலம் துளியும் வராதாம், நான் ஒன்றுக்கும் உதவாதவளாம். ஒவ்வொரு மறுப்பிலும் ஒரு 'ப்ளடி'. காலையில் அதே சொல்லை ஒன்பதாம் படுக்கைத் தாத்தா நாலு தடவை சொல்லியிருந்தார், எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது கை நடுங்கியது. சிஸ்டர் வந்து என் முன்னால் நின்றார். "என் நர்ஸிடம் இப்படிப் பேசினால் வெளியே போகத்தான் வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

டீ அறையில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சொல்லைப் பார்க்காதே, அது எதன் மேல் விழுகிறது என்று பார். காலின் மேல் விழுந்தால், வலியின் மேல் விழுந்தால், சாப்பாட்டின் மேல் விழுந்தால், அது நோயாளி உனக்குத் தரும் தகவல். குறித்துக்கொள். உன் மேல் விழுந்தால் அது வசை. என்னிடம் வந்து சொல்."

நானும் இந்தச் சொற்களைப் பேசிப் பழக வேண்டுமா என்று கேட்டேன். "கேட்கத் தெரிந்தால் போதும்" என்றார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. சொல்லின் காரம் எந்த இடத்தில் எவ்வளவு என்று அளக்க, அந்தப் பேச்சிலேயே வளர்ந்திருக்க வேண்டும். ஊரில் பெரியவர்கள் முன்னால் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் அடி விழும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுகோல் எனக்குத் தமிழில்தான் இருக்கிறது.

மே 6, திங்கள்

பேங்க் ஹாலிடே. மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைத்தது. என்னோடு நர்ஸிங் படித்த தோழி பேசிங்ஸ்டோக்கில் வேலை பார்க்கிறாள். அவளிடம் வந்திருக்கிறேன். பக்கத்தில் ஆல்டன் என்று ஓர் ஊர் உண்டு, அங்கே போகணும் என்றேன்.

"ஏ பிள்ளே, அங்க என்னத்துக்கு? கடற்கரைக்குப் போலாம்னு சொன்னா சுடுகாட்டுக்குக் கூப்பிடுத!"

"ஒரு குட்டியப் பாக்கணும். வா, சொல்லுதேன்."

ஒன்றுமில்லை என்பதற்கு எங்கள் வார்டில் 'ஸ்வீட் எஃப்.ஏ.' என்றும் சொல்வார்கள். அது கெட்ட வார்த்தையின் சுருக்கம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் குறித்துவைத்திருந்தேன். அந்த இரண்டு எழுத்து முதலில் ஒரு குழந்தையின் பெயர்: ஃபேனி ஆடம்ஸ். எட்டு வயது. 1867 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. ஆல்டனில் தன் வீட்டருகே இருந்த ஃபிளட் மெடோஸ் என்ற புல்வெளிப் பக்கம் தங்கையோடும் தோழியோடும் விளையாடப் போனாள். ஊரிலிருந்த வக்கீல் அலுவலகக் குமாஸ்தா ஃபிரெடரிக் பேக்கர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்று, உடலைச் சிதைத்துப் போட்டான். அவன் மேசையில் இருந்த நாட்குறிப்பில், அன்றைய தேதியில், ஒரு சிறுமி கொல்லப்பட்டதையும் அன்றைய வெயிலையும் சேர்த்து ஒரே வரியாக எழுதியிருந்தான். அது வழக்கில் சாட்சியானது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று வின்செஸ்டரில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. ஓரிரு ஆண்டு கழித்துக் கடற்படை மாலுமிகளுக்குத் தகரத்தில் அடைத்த ஆட்டிறைச்சி கொடுத்தார்கள். பிடிக்காத மாலுமிகள், இதற்குள் இருப்பது ஃபேனி ஆடம்ஸ்தான் என்று கேலி பேசினார்கள். அந்தப் பெயர் முதலில் மட்டமான இறைச்சிக்கு ஆனது, பிறகு ஒன்றுக்கும் உதவாததற்கு, கடைசியில் ஒன்றுமே இல்லை என்பதற்கு. அதைச் சுருக்கி எஃப்.ஏ. என்றபோது வேறொரு வசையின் முதலெழுத்துகளும் பொருந்திவிட்டன. குழந்தை மறைந்துபோனாள்.

கல்லறையைக் கண்டுபிடித்தோம். ஊர் மக்கள் தாங்களாகவே பணம் சேர்த்து எழுப்பிய கல். அதில் அவள் பெயரும் அந்தத் தேதியும் பைபிள் வசனம் ஒன்றும் இருக்கின்றன. தோழி அதுவரை பேசிக்கொண்டு வந்தவள், கல்லைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வீட்டில் ஏழு வயதில் மகள்.

திரும்பும் வழியில் காரில் யோசித்தேன். எங்கெங்கே மனிதர் மனம் சூடாகிறதோ அங்கிருந்தெல்லாம் 'இல்லை'க்கு வலு எடுக்கிறார்கள். நரகம், ரத்தம், செப்புக்காசு, உணவுத் துணுக்கு, மூச்சு, கடைசியில் கொலையுண்ட ஒரு குழந்தை. சொல்பவருக்கு இது எதுவும் நினைவில் இருப்பதில்லை. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. நம் வசைச் சொற்களில் எத்தனை பெண்களும் எத்தனை சாதிகளும் புதைந்து கிடக்கிறார்கள் என்று நாமும் நினைப்பதில்லை. ஆனால் தெரிந்தபின் சும்மா இருக்க முடியாது. என் நோட்டில் 'எஃப்.ஏ.' என்று எழுதியிருந்த இடத்தில் அடித்துவிட்டு, 'ஃபேனி ஆடம்ஸ், எட்டு வயது' என்று எழுதினேன்.

மே 12, ஞாயிறு

செவிலியர் தினம். 1820-ல் இதே தேதியில் பிறந்தவர் நைட்டிங்கேல். வார்டில் கேக் வெட்டினோம்.

இரண்டாம் படுக்கைப் பாட்டி போன வாரமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, இப்போது எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். "நாட் எ பிட், லவ்" என்றார். சந்தோஷமாக எழுதப் பேனாவை எடுத்தவள், நிறுத்தி, பத்துக்கு எத்தனை என்று மறுபடி கேட்டேன். "ரெண்டு" என்றார். ரெண்டு என்று எழுதினேன்.

என் நோட்டு இப்போது ஒரு தாளாகி, நர்ஸ்கள் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. சிஸ்டரே டைப் செய்து தந்தார். இடப்பக்கம் நோயாளி சொல்வது, வலப்பக்கம் அதன் பொருள். 'டிட் ஐ ஹெக்' என்றால் செய்யவே இல்லை. 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் சாப்பிடவே இல்லை. மறுப்பு இரண்டு வந்தாலும் மறுப்பே. மருந்து விஷயமென்றால் சார்ட்டையும் பார். 'ப்ளீடிங்' என்றால் பெரும்பாலும் எரிச்சல். ஆனாலும் போய்ப் பார். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு எழுத்தில், 'நாட் ஹாஃப்': மிகக் கடுமையான வலி. அடுத்த வாரம் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வரும் நாலு புதிய நர்ஸ்களுக்கு முதல் நாளிலேயே இந்தத் தாளைத் தரப்போகிறோம்.

நாகர்கோவிலிலும் மதுரையிலும் திருச்சியிலும் இப்போது ஐஇஎல்டிஎஸ், ஓஇடி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தேர்வு வேண்டும், அதை நன்றாக எழுதுங்கள். ஆனால் கட்டிலில் கிடப்பவர் தேர்வு ஆங்கிலத்தில் வலியைச் சொல்ல மாட்டார். அம்மா மடியில் கற்ற பேச்சில்தான் சொல்வார், நாம் சொல்வது போலவே. அந்தப் பேச்சைக் கொச்சை என்று தள்ளாதீர்கள். புரியவில்லை என்று கேட்க வெட்கப்படாதீர்கள். சொல்லை வைத்து ஊகித்து எழுதாதீர்கள். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், எண் அவர் வாயிலிருந்து வரும்வரை கேளுங்கள்.